செய்திகள் வாசிப்பது...

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரின் வாழ்க்கை. இலக்கியத் தொடரில் செய்தி வாசிப்பாளருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். எழுதி வைத்த தமிழை வாய்விட்டுச் சொல்லி, கேட்பவர் அதை விளங்கிக்கொள்ளவும் நம்பவும் செய்வதுதான் அவருடைய தொழில். தமிழாசிரியனாகிய என்னுடைய தொழிலும் ஏறத்தாழ அதுதான். ஆகவே இது எங்களுக்கு அந்நியமான விடயம் அல்ல.

நான் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்துக்கு அந்நாளில் மின்சாரம் கிடையாது. தொங்கல் காம்பராவில் இருந்த ஒருவர் வீட்டில் மட்டும் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அது கார் பற்றரியில் ஓடியது. பற்றரி இறங்கிவிட்டால் டவுனுக்குச் சுமந்து போய்ச் 'சார்ஜ்' பண்ணிக்கொண்டு வரவேண்டும். ஆகையால் பெட்டியை எந்நேரமும் போட்டு வைக்க முடியாது. படம் என்றால் போடுவார்கள், செய்தி என்றாலும் போடுவார்கள். மூங்கில் கழியில் கட்டிய அன்டெனாவை ஒருவர் வெளியே நின்று திருப்புவார். உள்ளேயிருந்து மற்றவர்கள், "கொஞ்சம் இந்தப் பக்கம், ஆங், அப்படியே நில்லு" என்று சத்தம் போடுவார்கள். மூடுபனிக்குள் ஒரு முகம் தெரிவதுபோல வாசிப்பாளரின் முகம் புள்ளிகளுக்கு நடுவே வரும். "வணக்கம். செய்திகள் வாசிப்பது..." என்று தொடங்கித் தமது பெயரைச் சொல்வார். அதோடு அறையில் பேச்சு நின்றுவிடும்.

அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். நாட்டில் நடந்ததைச் சொல்ல வந்தவர் முதலில் தமது பெயரைச் சொல்வானேன்?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்ப காலத்தில் லண்டன் பி.பி.சி. வானொலியில் செய்தி வாசிப்பவர்கள் தம் பெயரைச் சொல்வதில்லை. செய்திதான் முக்கியம், சொல்பவர் யாராயிருந்தாலென்ன என்பது அவர்களுடைய கொள்கை. 1940 ஆம் ஆண்டு நிலைமை மாறியது. ஹிட்லரின் படை எந்நேரமும் கரையேறலாம் என்ற அச்சம் பிரித்தானியாவில் நிலவிய காலம் அது. பகைவன் ஒலிபரப்பு நிலையத்தைக் கைப்பற்றியோ, வேறிடத்திலிருந்தோ பொய்ச் செய்தியைப் பரப்பினால் மக்கள் என்ன செய்வார்கள்? அதைத் தவிர்க்கத்தான் அல்வார் லிடெல் போன்ற வாசிப்பாளர்கள் தம் பெயரைச் சொல்லிச் செய்தியைத் தொடங்கினார்கள். இன்னாருடைய குரல் இது என்று மக்கள் பழகிக்கொண்டால், வேறொரு குரல் கேட்கும்போது சந்தேகம் வரும் அல்லவா? ஆக, வாசிப்பாளர் பெயர் சொல்வது விளம்பரத்துக்காக வந்த வழக்கமல்ல. 'இதை நான் சொல்கிறேன், நம்பலாம்' என்று போடும் கையொப்பம் அது.

தமிழிலும் இத்தகைய கையொப்பங்கள் உண்டு. 1947 ஆகஸ்ட் 15 ஆம் திகதி இந்தியா சுதந்திரமடைந்த செய்தியை டில்லியிலிருந்து அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தியில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். பிற்காலத்தில் நாடகத்திலும் சினிமாவிலும் அவரைப் பார்த்து ரசித்தவர்கள் பலர். நமது நாட்டை எடுத்துக்கொண்டால், யாழ்ப்பாணம் கரம்பொன்னைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் அவரே. 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை 1954 ஆம் ஆண்டிலேயே எழுதியவர். ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுவதும் ஒரு கலை, அதற்கும் இலக்கணம் உண்டு என்பதைத் தமிழுக்கு எடுத்துச் சொன்ன முன்னோடி.

ஆனால் எல்லோருடைய குரலுக்கும் எல்லோருடைய பெயருக்கும் இந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. பி.பி.சி.யிலேயே 1941 இல் வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவர் தமது வடபகுதி யோர்க்ஷயர் உச்சரிப்போடு தேசியச் செய்தியை வாசித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. 1960 இல் நேன் வின்டன் என்ற பெண்மணி பி.பி.சி. தொலைக்காட்சியின் தேசியச் செய்தியை வாசிக்க வந்தார். பெண்ணொருத்தி இரவுச் செய்தி வாசிப்பதை நேயர்கள் ஏற்கவில்லை என்று சொல்லிச் சில மாதங்களில் அவரை நிறுத்திவிட்டார்கள். செய்தியில் பிழையில்லை, வாசிப்பிலும் பிழையில்லை. சொல்லும் வாய் யாருடையது என்பதே பிழையாகிப் போயிற்று.

இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு வாருங்கள்.

2014 ஆகஸ்ட் 15, இந்தியாவின் சுதந்திர தினம். அன்று மாலை கோவை லோட்டஸ் செய்தித் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் என்பவர் முதன்முறையாகச் செய்தி வாசித்தார். அப்போது அவருக்கு வயது 31. பத்மினி ஒரு திருநங்கை. இந்தியாவில் நாளாந்தச் செய்தி வாசிக்க வந்த முதல் திருநங்கை என்று அவரைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின. அன்றோடு நிற்காமல், இரவு ஏழு மணிச் செய்தி அவருடைய பொறுப்பாயிற்று.

இந்த நாற்காலிக்கு அவர் வந்து சேர்ந்த பாதை நீண்டது. வீட்டார் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், சிலர் காப்பாற்றினார்கள். அதன் பிறகும் படிப்பை விடவில்லை. வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அதை முடிக்க முடியாமல் இடையில் நிறுத்த நேர்ந்தது. பரதநாட்டியம் பயின்றார். தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். திருநங்கையரின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். திருமணம் செய்துகொண்டார், ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார்.

செய்தி வாசிக்கும் வாய்ப்பு வந்தபோது அவரை வருத்திய கவலை எது தெரியுமா? ஊர் என்ன சொல்லும் என்பதல்ல. உச்சரிப்புத் திருத்தமாக இருக்க வேண்டும், வேகம் சீராக இருக்க வேண்டும், சொல்வது தெளிவாக விளங்க வேண்டும் என்பதே தமது கவலையாக இருந்ததாக அவர் செய்தியாளரிடம் கூறியிருக்கிறார். இதைப் படித்தபோது ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் என் மனம் நெகிழ்ந்தது. உலகமே அவருடைய பிறப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவரோ லகர ளகர ழகரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். தொழிலை மதிக்கிறவர் அப்படித்தான் இருப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று அவர் தம் கதையைச் சொல்ல வரவில்லை. அனுதாபம் கேட்க வரவில்லை. மற்றெல்லா வாசிப்பாளர்களையும் போல நாட்டு நடப்பைச் சொல்ல வந்தார். திருநங்கையர் நம் சினிமாவில் பெரும்பாலும் கேலிக்குரியவர்களாகவே காட்டப்பட்டு வந்தார்கள். இலக்கியத்தில் சற்று வேறு விதமாக நடந்தது. சு. சமுத்திரம் 'வாடாமல்லி' நாவலை எழுதினார். பின்னர் லிவிங் ஸ்மைல் வித்யா தம் வாழ்க்கையைத் தாமே 'நான், வித்யா' என்ற நூலாக எழுதினார். இவற்றிலெல்லாம் திருநங்கையின் துயரம்தான் பொருள். துயரத்தைச் சொல்ல வேண்டியதும் அவசியமே. ஆனால் மழை பெய்ததையும் பேருந்துக் கட்டணம் உயர்ந்ததையும் ஒரு திருநங்கை சொல்ல, வீட்டில் உள்ளோர் சோற்றைப் பிசைந்தபடி அதைக் கேட்டு, "அப்படியா?" என்று நம்புவது இன்னொரு கட்டம். பத்மினி பிரகாஷின் தொழில் வாழ்க்கையின் சிறப்பு இதுதான் என்று நான் கருதுகிறேன்.

"செய்திகள் வாசிப்பது" என்பதற்குப் பின்னால் அவர் சொன்ன பெயரையும் நினைத்துப் பாருங்கள். பிறந்தபோது வீட்டார் இட்ட பெயரல்ல அது. தாம் யார் என்று உணர்ந்துகொண்டு, அதற்கு விலை கொடுத்து, தமதாக்கிக்கொண்ட பெயர். மற்றவர்களுக்கு அந்த வாக்கியம் ஒரு சம்பிரதாயம். அவருக்கு அது பதினெட்டு ஆண்டுப் பயணத்தின் முடிவு.

சட்டமும் அந்த ஆண்டில் சற்று அசைந்து கொடுத்தது. பத்மினி செய்தி வாசிப்பதற்குச் சரியாக நான்கு மாதங்களுக்கு முன்னர், 2014 ஏப்ரல் 15 ஆம் திகதி, இந்திய உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றுத் தீர்ப்பளித்திருந்தது. நமது நாட்டிலும் 2016 ஆம் ஆண்டு முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் என்ற ஏற்பாடு வந்தது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்திக்கொள்ள வழி பிறந்தது. பாகிஸ்தானில் 2018 இல் மார்வியா மாலிக்கும், பங்களாதேஷில் 2021 மகளிர் தினத்தன்று தஷ்னுவா அனன் ஷிஷிரும் இவ்வாறே செய்தி வாசிக்க வந்தார்கள். கோவையில் ஏற்றிய விளக்கு அக்கம்பக்கமெல்லாம் தெரிந்தது என்று சொல்லலாம்.

ஆனால் நேயர்களே, இதெல்லாம் புதுமை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கிளவியாக்கத்தில், இது பற்றிய ஒரு நூற்பா உண்டு. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லுக்கென்று தனி ஈறு இல்லை. அது உயர்திணைக்குரிய ஈறுகளை ஏற்றே வழங்கும் என்பது அதன் கருத்து. இலக்கண ஆசிரியர் வேறெதையும் வாதாடவில்லை. உயர்திணையில் வைத்தார், அவ்வளவுதான். 'அது' என்று சொல்ல இடம் வைக்கவில்லை.

இந்த நூற்பாவை நான் பலமுறை கற்பித்திருக்கிறேன். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டேனா என்பது வேறு கேள்வி. அதைச் சொல்லத்தான் இந்த உரைக்கு ஒப்புக்கொண்டேன்.

2009 ஆம் ஆண்டளவில், நான் ஆசிரியனாகிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம். தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது ஒரு பயிற்சி கொடுப்பேன். பத்திரிகையின் முதற்பக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் வாசிப்பதுபோல எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. எங்கள் வகுப்பிலேயே ழகரம் பிசகாத நாக்கு அந்தப் பிள்ளைக்குத்தான். "வணக்கம். செய்திகள் வாசிப்பது" என்று சொல்லிவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, ஒரு பெண் பெயரைச் சொன்னது. அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது அந்தப் பிள்ளைக்குரியது.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, "சரி, விளையாட்டுப் போதும். இப்போது உன் பெயரைச் சொல்லி வாசி" என்றேன். அந்தப் பிள்ளை வாசிக்கவில்லை. பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறகு மற்றப் பிள்ளைகள் அந்தப் பிள்ளையை 'அது' என்று பேச ஆரம்பித்தார்கள். வீட்டில் குழந்தையைச் செல்லமாக 'அது' என்பார்கள். அந்த 'அது' வேறு. இதில் செல்லம் இல்லை. என் காதில் விழத்தான் செய்தது. பிள்ளைகளின் குறும்பு என்று விட்டுவிட்டேன். உயர்தர வகுப்பில் உயர்திணையை விளக்கிவிட்டுப் பக்கத்து வகுப்பில் அஃறிணையை அனுமதித்தேன். அடுத்த தவணையில் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பில் கடைக்குப் போய்விட்டதாகத் தாயார் சொன்னார். கொழுந்து மலையிலிருந்து வந்த கையோடு, படங்கைக் கூட அவிழ்க்காமல் நின்று சொன்னார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2014 இல் பத்மினி பிரகாஷின் புகைப்படத்தைப் பத்திரிகையில் கண்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் மேசையில் மடித்து வைத்த அந்தப் பத்திரிகைதான்.

பெயருக்கு இருக்கும் பெறுமதியை வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் தோட்டத்து மக்களாகிய எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இந்நாட்டின் குடிகள் என்ற பெயரை இழந்தவர்கள் நாங்கள். அதன் மிச்சத்தைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் தந்தையாரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். அந்த ஒரு எழுத்தைத் திருத்த அவர் எத்தனை நாள் சம்பளத்தை இழந்து பதுளைக்கு நடந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அதைவிட, எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். "இன்னிக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்பார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் கணக்கில் 'அரைப்பேர்' போடுவார்கள். முழுநாள் மழையில் நனைந்தவளுக்கு அரை நாள் கூலி. அரைப்பேர் விழுந்த நாளில் என் தாயார் இரவு அதிகம் பேசமாட்டார். காசு குறைந்ததைவிட, செய்த வேலையை இல்லையென்று சொல்லிவிட்டார்களே என்பதுதான் அவருடைய மனவருத்தம். அந்த வீட்டில் வளர்ந்த நான், என் முன்னால் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்ன ஒரு பிள்ளைக்கு அரைப்பேர் போட்டு உட்கார வைத்துவிட்டேன். குரல் நல்லது, உச்சரிப்பு நல்லது, ஆனால் பெயர் மட்டும் செல்லாது என்றேன்.

பத்மினி பிரகாஷ் ஒருவர் செய்தி வாசித்ததால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு சிறிய நகரத் தொலைக்காட்சியின் ஒரு நாற்காலி அது. ஆனால் அந்த நாற்காலியில் அவரை அமர்த்த யாரோ சிலர் முன்வந்தார்கள். வாசியுங்கள், பழகிக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். திறமை பத்மினியுடையது. இடம் கொடுத்தது மற்றவர்களுடைய கடமை. ஆசிரியர்களாகிய நாங்களும் பெற்றோர்களாகிய நீங்களும் அந்த மற்றவர்களில் சேர்ந்தவர்கள்தாம்.

இப்பொழுதும் என் வகுப்பில் அந்தச் செய்தி வாசிக்கும் பயிற்சி நடக்கிறது. ஒரேயொரு விதியைச் சேர்த்திருக்கிறேன். எழுந்து நிற்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் யாரும் சிரிக்கக் கூடாது. அந்த விதி முதலில் எனக்குத்தான்.

வானொலியில் பேசுகிறவனுக்குக் கேட்பவரின் முகம் தெரியாது. இந்த நாட்டின் ஏதோவொரு மூலையில், ஒரு கடையிலோ ஓர் அறையிலோ, அன்றைய அந்தப் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால், நீங்கள் அன்று சொன்ன பெயர் எனக்கு மறக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். விளையாட்டு என்று சொன்னது என்னுடைய பிழை. பெயர் சரியாகத்தான் இருந்தது. வாசிப்பும் சரியாகத்தான் இருந்தது.